கரு கலைந்தபின் உரிமை பேச வந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

தாழம்பூ

எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. அதற்கு அப்புறம் நான் வந்து நிற்கும் இடத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

என்னைக் கிளப்பிவிட்டது இரண்டு விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பால் சுரக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மார்பு கல்லாகக் கட்டி, சட்டை நனைந்து, காய்ச்சலும் வந்த பிறகு போனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். டிஸ்சார்ஜ் தாளில் இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, 'இரண்டு வாரம் கழித்து வரவும்'. அவ்வளவுதான்.

அப்புறம் அலுவலகம். என் சொந்த விடுப்பைக் கழித்துக்கொண்டார்கள். சட்டப்படி சம்பளத்தோடு ஆறு வாரம் உண்டு என்று எச்.ஆர். வாயே திறக்கவில்லை. பிற்பாடு சட்டப் பிரிவைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் விடுப்பைத் திருப்பிப் போட்டார்கள். அவ்வளவு சுலபமாக நடந்ததுதான் எனக்கு ஆத்திரம். தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அதற்குப் பிறகு அலுவலகத்திலேயே இன்னொரு பெண் கழிப்பறையில் என்னைப் பிடித்து, "அக்கா, அந்த லெட்டரை எனக்கும் அனுப்புறீங்களா?" என்று கேட்டாள். அப்படியே ஒவ்வொருவராக வந்து, இப்போது ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். மகப்பேறு சிகிச்சை பற்றி ஒரு பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் வருகிறது, அதில் பேசச் சொல்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் "நாலு சுவருக்குள் இருக்க வேண்டியதை மைக் வைத்துச் சொல்லணுமா?" என்கிறார்கள். குழுவிலோ, "கருச்சிதைவை மட்டும் பேசு, கருக்கலைப்பு உரிமை பக்கம் போகாதே, போனால் இரக்கம் போய்விடும்" என்கிறார்கள். வீட்டாரைச் சமாளித்துவிடுவேன். இரண்டாவதுதான் உறுத்துகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி

செவிலியாகப் பல வருஷம் லேபர் வார்டில் இருந்தவள். முதலில் பால் விஷயம், ஏனென்றால் இதைப் படிக்கிற யாருக்காவது இன்றைக்கே தேவைப்படலாம். நாலு மாதம் தாண்டிக் கரு கலைந்தால் பால் சுரக்க வாய்ப்பு உண்டு. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சடாரென்று இறங்கும், அதுதான் பால் சுரக்க உடம்புக்குக் கிடைக்கும் உத்தரவு. வற்றவைக்க கேபர்கோலின் என்று மாத்திரை இருக்கிறது. இரத்த அழுத்தம் ஏறியவர்களுக்கு அது ஆகாது, மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். மாத்திரை வேண்டாமென்றால் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், வலி மாத்திரை. பிழிந்து பிழிந்து காலி செய்யாதீர்கள், இன்னும் சுரக்கும். மார்பில் ஓரிடத்தில் சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடித்தால் ஒத்தடத்தோடு நிறுத்தாமல் உடனே காட்டுங்கள். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகாது. பல இடத்தில் சொல்வதில்லை, நீங்கள் எழுதியது உண்மை.

இரத்த வகை நெகட்டிவ் என்றால் கரு கலைந்த பிறகு ஆன்டி-டி ஊசி (அடுத்த பிள்ளையின் இரத்தத்தை உங்கள் உடம்பு எதிர்க்காமல் தடுப்பது) தேவையா என்றும் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். எத்தனை வாரத்துக்கு முன்னால் அது வேண்டாம் என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டல் மாறும். ஐந்தாம் மாதம் என்றால் சந்தேகமே இல்லை, போட வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. கருக்கலைப்பைத் தொடாமல் கருச்சிதைவைப் பேசு என்பவர் வார்டுக்குள் வந்து பார்த்ததில்லை என்றுதான் நினைப்பேன். துடிப்பு நின்றும் கரு வெளியே வராமல் இருந்தால் மூன்று வழி: காத்திருப்பது, மாத்திரை, உறிஞ்சி எடுப்பது. மிசோபிரோஸ்டால் மட்டும் கொடுப்பதைவிட, முதலில் மிஃபெப்ரிஸ்டோன் கொடுத்துவிட்டு அதைக் கொடுத்தால் முழுசாக வெளியேறும் வாய்ப்பு அதிகம் என்று 2018-இலும் 2020-இலும் நல்ல ஆய்வுகள் வந்துவிட்டன. கருக்கலைப்புக்குக் கொடுப்பதும் அதே இரண்டு மாத்திரைதான். உறிஞ்சும் கருவியும் அதேதான். பழைய சுரண்டல் முறையை விட்டு உறிஞ்சும் முறைக்கு மாறச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது, ஆனால் அதைக் கையில் பிடித்துப் பழகுவது பெரும்பாலும் கருக்கலைப்புச் சேவை நடக்கும் இடத்தில்தான். அந்தச் சேவையை மூடிவிட்டு, மாத்திரையையும் அலமாரியில் பூட்டினால் என்ன ஆகும்? அரைகுறையாகக் கலைந்து, இரத்தம் நிற்காமல் இரவு பத்து மணிக்கு வருகிறவளுக்கு, பழைய சுரண்டல் கத்தியைப் பிடித்த, உறிஞ்சும் முறை பழகாத ஒரு கை கிடைக்கும்.

மூன்றாம்பிறை

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எனக்கு இரண்டு முறை தங்கவில்லை. வேண்டும் வேண்டும் என்று தவம் கிடந்து பறிகொடுத்தவள் நான். வேண்டாம் என்று முடிவெடுத்து வருகிறவர்களோடு என்னை ஏன் ஒரே வரிசையில் நிறுத்துகிறீர்கள்? மாத்திரை ஒன்று, கருவி ஒன்று என்பதெல்லாம் டாக்டர்கள் பேச்சு. மனசு ஒன்றா? தாழம்பூ சகோதரியின் குழு சொல்வதுதான் சரி. இழந்தவர்கள் இழப்பைப் பேசட்டும். அதில் வேறு சங்கதியைச் சேர்த்தால் எங்களைப் போன்றவர்கள் விலகிப் போய்விடுவோம்.

கடல்தாண்டி

மூன்றாம்பிறை, உங்கள் வலியோடு வாதாட வரவில்லை. நான் இருக்கும் நாட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அயர்லாந்து. 2012 அக்டோபர். சவிதா ஹாலப்பனவர், 31 வயது, இந்தியாவிலிருந்து வந்த பல் மருத்துவர். 17 வாரக் கர்ப்பம், உங்களைப் போலவே ஆசைப்பட்டுச் சுமந்த பிள்ளை. கால்வே நகர மருத்துவமனையில் முதுகுவலியோடு போனார். கரு தங்காது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பனிக்குடம் உடைந்துவிட்டது. எப்படியும் போகப்போகிற கரு, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று அவரும் கணவரும் கேட்டார்கள். துடிப்பு இருக்கிறவரை முடியாது என்றார்கள். 1983-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த எட்டாவது திருத்தம், தாயின் உயிரையும் கருவின் உயிரையும் சமமாக வைத்திருந்தது. துடிப்பு நிற்கக் காத்திருந்த நாட்களில் தொற்று இரத்தத்தில் பரவி, அக்டோபர் 28 அன்று இறந்தார்.

அவர் கருக்கலைப்புக்காக வந்தவர் இல்லை. கரு கலைந்துகொண்டிருந்தபோது வந்தவர். சட்டம் அவரையும் அதே வரிசையில்தான் நிறுத்தியது.

மூன்றாம்பிறை

அந்தச் செய்தி எனக்கும் தெரியும். அதில் டாக்டர்களின் கவனக்குறைவுதான் காரணம் என்று விசாரணையில் வந்ததாகப் படித்தேனே? சட்டத்தின் மேல் ஏன் பழி?

கடல்தாண்டி

நல்ல கேள்வி, சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். கவனக்குறைவும் இருந்தது. தொற்றின் அறிகுறிகளை நேரத்துக்குப் பார்த்துக் குறிக்கவில்லை, இரத்தப் பரிசோதனை முடிவைப் பின்தொடரவில்லை என்று 2013-இல் வந்த அறிக்கைகள் சொல்கின்றன. அதை மறைத்துவிட்டுச் சட்டம் மட்டும்தான் கொன்றது என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கும் சண்டை உண்டு.

ஆனால் அந்த விசாரணைகளில் ஒன்றுக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன், இலங்கைத் தமிழர், பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய குழு இரண்டையும் எழுதியது: கண்காணிப்பு போதவில்லை, கூடவே சட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்ற தயக்கம் சிகிச்சையைத் தள்ளிப்போட்டது. 2017-இல் அயர்லாந்து நாடாளுமன்றக் குழு முன்னால் வந்தபோதும், மருத்துவர்களின் கையைக் கட்டியிருந்தது சட்டப் பிரச்சினைதான் என்று தெளிவாகவே சொன்னார். 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அந்தத் திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள்.

அந்த வாக்கெடுப்புப் பிரசாரத்தில் வீடு வீடாகப் போனவர்களில் பிள்ளையை இழந்த பெற்றோர் நிறையப் பேர். கருவில் பெரிய குறை, பிழைக்காது என்று தெரிந்தும் இங்கே வழியில்லாமல் இங்கிலாந்துக்குப் போய்ப் பிரசவித்துவிட்டு, சாம்பலைப் பிற்பாடு கூரியரில் வாங்கிக்கொண்டவர்கள். ஆசையாகச் சுமந்தவர்கள்தான் எல்லோரும். பெரும் வாதம் எதுவும் செய்யவில்லை. வாசலில் நின்று தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள், அவ்வளவே.

இரட்டைவால்

எல்லாம் சரி, துக்கத்தை அரசியலாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அழ வேண்டியதை அழுதுவிட்டு வாழ்க்கையைப் பார்க்க வேண்டாமா?

கருப்புக்கோட்டு

இரட்டைவால் தம்பி, சில ஊரில் துக்கத்தைப் போலீஸ்தான் முதலில் அரசியலாக்குகிறது. எல் சல்வடாரில் கருக்கலைப்பு எந்தக் காரணத்துக்கும் கூடாது. தியோடோரா வாஸ்கெஸ் என்ற பெண்ணுக்கு 2007-இல் வேலை செய்யும் இடத்தில் வலி வந்து, குழந்தை இறந்து பிறந்தது. மயங்கிக் கிடந்தவரைக் கைது செய்து, கொலை என்று 30 வருஷ தண்டனை கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 2018 பிப்ரவரியில் வெளியே வந்தார். வந்ததும், தன்னைப் போல உள்ளே இருந்த மற்றப் பெண்களை வெளியே கொண்டுவரும் வேலையில் இறங்கிவிட்டார். அதே நாட்டில் மனுவேலா என்று மட்டும் வெளியுலகுக்குத் தெரிந்த இன்னொரு பெண், கரு இழந்ததற்காகத் தண்டனை பெற்று, சிறைக்காவலிலேயே 2010-இல் புற்றுநோயில் இறந்தார். அவர் வழக்கில் எல் சல்வடார் அரசு பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அங்கெல்லாம் 'அழுதுவிட்டு வாழ்க்கையைப் பார்' என்று யாரும் விடவில்லை.

தாழம்பூ, உங்கள் கூட்டம் இந்தியாவில் என்று வைத்துக்கொண்டு சட்டத்தைச் சொல்கிறேன். எல்லாம் உங்கள் பேச்சில் வர வேண்டியதில்லை, கையில் இருக்கட்டும்.

மகப்பேறு பயன் சட்டம், 1961 (2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது). கருச்சிதைவுக்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு, பிரிவு 9. சட்டப்படி செய்த கருக்கலைப்புக்கும் அதே பிரிவு, அதே ஆறு வாரம். பார்த்தீர்களா, பிரித்துப் பேசச் சொல்கிறது உங்கள் குழு, ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதியிருக்கிறது சட்டம். கருச்சிதைவால் உடல்நலம் கெட்டால் பிரிவு 10-இல் மேலும் ஒரு மாதம். அந்த ஆறு வாரத்தில் உங்களை வேலைக்கு வரச்சொல்வதே முதலாளிக்குத் தடை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் வருஷத்து சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த ஆறு வாரம் அப்படியே இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அந்த வழியில் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. 1961 சட்டத்தில் 'குழந்தை' என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்துத்தான். கருச்சிதைவு என்பது 26-ஆம் வாரம் வரை. அதற்குப் பிறகு என்றால் அது பிரசவம், அப்போது முழு மகப்பேறு விடுப்பு. பிள்ளைதான் இல்லையே என்று சொல்லி ஆறு வாரத்தில் கூப்பிடும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கடிதத்தில் வழிக்கு வருவார்கள்.

கருக்கலைப்புச் சட்டம் 1971, திருத்தம் 2021. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் வரை குறிப்பிட்ட நிலையில் உள்ள பெண்களுக்கு இரண்டு மருத்துவர்கள். கருவில் பெரிய குறை என்று மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பு இல்லை. தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் பிரிவு 5: வாரக் கணக்கும் வேண்டாம், இரண்டாவது மருத்துவரும் வேண்டாம். கால்வேயில் நடந்தது இங்கே சட்டப்படி நடக்கக் கூடாது. ஆனால் 'போலீஸ் கேஸ் ஆகுமோ' என்று பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடும் கதை நடக்கிறது, உங்கள் குழு அதைப் பேசலாம்.

கணவர் கையெழுத்து பற்றி ஒரு வார்த்தை. வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமனார், அண்ணன் யார் கையெழுத்தும் சட்டம் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை அச்சடித்து வைத்திருப்பது ஆஸ்பத்திரியின் வேலை. திருமணமாகாத பெண்களையும் 20 முதல் 24 வாரப் பிரிவிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று சொல்லிவிட்டது.

அவள்கணவன்

ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஏழாம் மாதத்தில் போனது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னிடம் சொன்னது "அவளைப் பார்த்துக்கோப்பா". பார்த்துக்கொண்டேன். பில் கட்டி, மருந்து வாங்கி, பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்து, அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். எனக்கென்று விடுப்பு எதுவும் இல்லை, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. நியூசிலாந்தில் 2021-இல் ஒரு சட்டம் போட்டார்கள், கருச்சிதைவுக்கும் இறந்து பிறந்தாலும் மூன்று நாள் துக்க விடுப்பு, பெண்ணுக்கும் அவள் துணைக்கும். மூன்று நாள் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் அதைப் படித்தபோது, நானும் இழந்தவன்தான் என்று ஒரு அரசாங்கம் காகிதத்தில் எழுதியிருக்கிறதே என்றிருந்தது.

தாழம்பூ, கூட்டத்துக்கு ஒரு ஆணையும் கூட்டிப்போங்கள். பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கருச்சிதைவு பெண்கள் சமாசாரம் என்று கோப்பை மூடுகிற அதிகாரிக்கு அது ஒரு தடங்கல்.

முகிலி

இப்படிப்பட்ட கூட்டங்களில் நிறையப் பேசியவள் நான். சட்டம், மருத்துவம் எல்லாம் மேலே வந்துவிட்டது. நான் சொல்வது பேசுகிறவளைப் பற்றி.

எதைச் சொல்ல மாட்டோம் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைத்தது: பிள்ளையின் பெயர் சொல்ல மாட்டேன், ஸ்கேன் படம் தர மாட்டேன், யார் பக்கம் குறை என்ற மருத்துவக் காரணம் சொல்ல மாட்டேன். நிருபர் ஒருவர் நைசாக, "படம் இருந்தால் செய்தி நன்றாகப் போகும்" என்பார். முன்பே முடிவெடுத்திருந்தால் அந்த நேரத்தில் தடுமாற மாட்டீர்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். "மைக்கில் சொல்வாளே" என்ற பயம் பாதி, எதைச் சொல்வாள் என்று தெரியாததால் வருவது.

உங்கள் கதை மூன்று நிமிஷம், கேட்பது ஒரே விஷயம். பத்துக் கோரிக்கை கொடுத்தால் அதில் எது சுலபமோ அதை ஏற்றுக்கொண்டு 'ஆவன செய்யப்படும்' என்று எழுதிவிடுவார்கள். இங்கிலாந்தில் சோயி கிளார்க்-கோட்ஸ் என்று ஒருவர். தானே பல முறை இழந்தவர், அதற்குப் பிறகு இழந்தவர்களுக்காக ஓர் அமைப்பை நடத்தி, கடைசியில் அரசாங்கம் அமைத்த கர்ப்ப இழப்பு ஆய்வுக் குழுவின் இணைத் தலைவராகவே உட்கார்ந்தார். 2023-இல் அறிக்கை. 2024 பிப்ரவரியில், 24 வாரத்துக்கு முன் இழந்தவர்களும் விரும்பினால் அரசுச் சான்றிதழ் வாங்கலாம் என்று வந்தது. அதற்கு முன் அந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கக் காகிதமே கிடையாது. எத்தனையோ கேட்டிருப்பார்கள். முதலில் நகர்ந்தது அந்த ஒரு சான்றிதழ்.

பேசி முடித்ததும் ஒரு காரியம் நடக்கும், தயாராக இருங்கள். கூட்டம் கலையும்போது வரிசையாக வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் போன பிள்ளையைப் பற்றி ஒரு பாட்டி சொல்வார். அந்தக் கூட்டத்துக்குக் காவல் பணிக்கு வந்த போலீஸ்காரம்மா சொல்வார். அத்தனையையும் அன்றைக்கே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனால் நாலு நாள் எழுந்திருக்க முடியாது. கூட ஒரு தோழி வரட்டும், பெயரையும் எண்ணையும் அவள் குறித்துக்கொள்ளட்டும்.

காயம் ஆறுமுன் ஏற வேண்டாம் என்பார்கள், எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. வீட்டில் தனியாகச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். அழுகை வந்தாலும் அடுத்த வரிக்குப் போக முடிகிறதா? முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் எழுத்தில் கொடுங்கள், அதற்கும் அதே மதிப்புத்தான்.

கருக்கலைப்பைப் பேசலாமா என்பதில் என் அனுபவம்: நீங்கள் பேசாவிட்டாலும் எதிரில் இருப்பவர் எழுப்புவார். "நீங்கள் இயற்கையாக இழந்தவர், பாவம், மற்றவர்கள் அப்படியா?" என்று உங்களைத் தட்டிக்கொடுத்தே மற்றவளைக் குத்துவார். அப்போது வாய்மூடி இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகும். டெக்சாசில் அமாண்டா சுராவ்ஸ்கிக்கு 18 வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. சட்டத்துக்குப் பயந்து காத்திருக்க வைத்ததில் இரத்தத்தில் தொற்று ஏறிப் பிழைத்தார், கருக்குழாய் ஒன்று அடைபட்டுவிட்டது. 2023-இல் மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டு, செனட் குழுவிலும் சாட்சி சொன்னார். 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தோற்ற வழக்குத்தான். ஆனாலும் சட்டத்தில் விதிவிலக்கு என்றால் என்ன என்று தெளிவுபடுத்தும் ஒரு மசோதாவை 2025-இல் அதே மாநிலமே கொண்டுவர வேண்டிவந்தது. அது போதுமா என்பது வேறு சண்டை.

மூன்றாம்பிறை

எல்லாவற்றையும் படித்தேன். கால்வே விஷயத்தில் நான் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருந்தது புரிகிறது. அதற்காக மேடை ஏறி கருக்கலைப்பு உரிமை என்று என்னால் சொல்ல முடியாது, அது என் மனசுக்கு வராது. பால் விஷயத்துக்கும், இழந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தனி அறைக்கும், விடுப்புக்கும் கையெழுத்து கேட்டால் போடுவேன்.

வேறொன்று கேட்க வேண்டும். இரண்டு போன பிறகும் "மூணாவது முறையும் ஆனால் டெஸ்ட் எடுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதைக் கொடுத்துத்தான் பரிசோதனை வாங்க வேண்டுமா?

இரவுப்பணி

இல்லைம்மா. அந்த மூன்று கணக்கைப் பல நாடுகள் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய கருவள மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டலில் இரண்டு இழப்பே தொடர் இழப்பு என்றுதான் கணக்கு. 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் கருச்சிதைவுக்கென்றே ஒரு கட்டுரைத் தொடர் போட்டது. உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவு என்று மதிப்பிட்டுவிட்டு, மூன்று வரை காத்திருக்க வைப்பதை நிறுத்துங்கள் என்றது. முதல் இழப்புக்குப் பிறகு தகவலும் ஆதரவும், இரண்டாவதுக்குப் பிறகு தனி கிளினிக்கில் தைராய்டு, இரத்தம் போன்ற அடிப்படைப் பரிசோதனை, மூன்றாவதுக்குப் பிறகு விரிவான பரிசோதனை என்று படிப்படியாகப் போகச் சொன்னது.

நீங்கள் போய்க் கேட்க வேண்டியது: தைராய்டு, சர்க்கரை, ஆன்டிஃபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் (இரத்தம் உறையக் காரணமாவது), கர்ப்பப்பையின் அமைப்பு. எதிர்ப்பொருள் இருந்தால் ஆஸ்பிரினும் ஹெபாரினும் கொடுத்துப் பலருக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது. முன்பு இழந்திருந்து, அடுத்த கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இரத்தம் பட்டால், புரோஜெஸ்டிரோன் பற்றியும் கேளுங்கள். பிரிட்டனில் 2021 முதல் அப்படிப்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். காரணம் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், அதுவும் உண்டு. ஆரம்ப மாதங்களில் போவதில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறு, அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. மாடிப்படி ஏறியதாலோ பைக்கில் போனதாலோ அல்ல.

பழைய கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கருப்புக்கோட்டு

இந்தியாவில் கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், இது மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குவிதி. மூன்று வருஷம் வரைதான் வைத்திருக்கக் கட்டாயம், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

வல்லைவெளி

இலங்கையிலிருந்து வாசிக்கிறேன். இங்கே 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம்தான் இன்னும். தாயின் உயிரைக் காக்க என்றால் மட்டும் அனுமதி, மற்றது எல்லாம் குற்றம். கரு கலைந்து இரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற பெட்டையள் "நீ ஏதும் செய்தனியோ?" என்ற கேள்விக்குப் பயந்து பிந்திப் போகினம். கருக்கலைப்பு பேசாமல் கருச்சிதைவு பேசலாம் எண்டு சொல்லுற ஆக்கள் அந்தக் கேள்வியை ஒருக்கா எதிர்கொண்டு பார்க்கட்டும். அதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை அக்கா.

தாழம்பூ

எல்லோருக்கும் நன்றி. முகிலி அக்கா சொன்னபடி சத்தமாகப் படித்துப் பார்த்தேன், அடுத்த வரிக்குப் போக முடிகிறது. பேசுகிறேன்.

கேட்கப்போவது ஒரே ஒரு தாள். கரு கலைந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு தாள்: பால், இரத்தப்போக்கு எவ்வளவு தாண்டினால் திரும்பி வர வேண்டும், ஆன்டி-டி, விடுப்புச் சட்டம், கேஸ் ஷீட் எப்படிக் கேட்பது. தனி அறையைக் கேட்டால் கட்டடம் இல்லை என்பார்கள், தாளுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

குழுவில் இன்னும் ஒத்துவரவில்லை. "விடுப்பு வரியில் கருக்கலைப்பு என்ற சொல் வேண்டாம்" என்கிறார் ஒருங்கிணைப்பாளர். சட்டத்தில் இருப்பதை அப்படியே போடுவேன், பாதியை வெட்டினால் அந்தப் பாதியில் இருப்பவள் வேலையை இழப்பாள் என்று சொல்லியிருக்கிறேன். முடிவு கூட்டத்துக்கு முந்தின நாள்தான் தெரியும். மூன்றாம்பிறை, உங்கள் கையெழுத்துக்கு ஆள் அனுப்புகிறேன், அந்த வரி அதில் இருக்கும், பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கருப்புக்கோட்டு சார், விடுப்பு வரியைப் பாருங்கள்: "கருச்சிதைவு அல்லது சட்டப்படியான கருக்கலைப்புக்குப் பின் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உங்கள் உரிமை. மருத்துவச் சான்று போதும்."

கருப்புக்கோட்டு

சரியாக இருக்கிறது, ஒரு திருத்தம்.  26 வாரம் தாண்டியவர்களுக்குத் தனி வரி போடுங்கள், ஆறு வாரம் என்று மட்டும் படித்துவிட்டு அவர்கள் சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிடக் கூடாது. தமிழில் ஒரு பக்கம், பின்பக்கம் அதையே ஆங்கிலத்தில் அச்சடியுங்கள், எச்.ஆர். மேசையில் அந்தப் பக்கம்தான் வேலை செய்யும்.